ஜெர்மனிக்குப் புதுசா வந்தவங்களுக்கு: ஞாயித்துக்கிழமை காலைல சூடா வடை, பூரி சுடுறது எப்படி

இட்லி தோசைக்கு இங்க ஏதோ ஒரு வழி இருக்கு. ரெடிமேட் மாவு கிடைக்குது, பெரிய ஊர்ல நம்ம ஊர் ஹோட்டலும் இருக்கு. ஆனா எண்ணெய்ச் சட்டில இருந்து நேரா தட்டுல விழுற மெது வடையும், தொட்டா விரல் சுடுற மாதிரி உப்பிக்கிட்டு வர்ற பூரியும் காசு குடுத்தாலும் கிடைக்காது, ஏன்னா அதோட ருசியே முதல் அஞ்சு நிமிஷம்தான். ஹோட்டல்ல மைக்ரோவேவ்ல சுட வச்சுத் தர்ற வடையைச் சாப்பிட்டா ஏக்கம் அதிகமாத்தான் ஆகும். அதனால வீட்லயே சுட்டுக்கறதுதான் வழி, அதை இங்க இருக்கற வீடு, அடுப்பு, சட்டதிட்டத்துக்குள்ள எப்படிச் செய்றதுன்னு நான் ரொம்ப அலைஞ்சு கத்துக்கிட்டதை வரிசையா எழுதறேன். நீங்க அந்த அலைச்சல் படவேண்டாம்.

ஒரு நல்ல விஷயம் முதல்லயே சொல்லிடறேன். குளிர்காலத்துல வீட்டுக்குள்ள 19, 20 டிகிரிதான் இருக்கும், இட்லி மாவு ராத்திரி பூரா வச்சாலும் பொங்காது. வடைக்கும் பூரிக்கும் மாவு புளிக்கவே வேண்டாம். அதனால இந்த ஊருக்கு வந்த முதல் மாசத்துலயே உருப்படியா செய்யக்கூடிய நம்ம ஊர் டிபன் இதுதான்.

1. பெட்டி கட்டும்போதே யோசிக்க வேண்டியது

மிக்ஸியைக் கண்டிப்பா கொண்டு வாங்க. இங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், நம்ம மிக்ஸி அப்படியே ஓடும். (அமெரிக்கா போறவங்க இதைப் பார்த்து எடுத்துட்டுப் போயிடாதீங்க, அங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.) இங்க கிடைக்கற பிளெண்டர்ல உளுந்து அரைச்சா தண்ணி நிறைய ஊத்தினாத்தான் சுத்தும், தண்ணி ஊத்தினா வடை போச்சு. ஜார் மூணும் தேவையில்ல, ஒரு நடுத்தர ஜாரும் சின்ன சட்னி ஜாரும் போதும், மத்தது வீண் கனம். ஜார்ல பிளேடு இருக்கறதால செக்-இன் பெட்டிலதான் போடணும், கைப்பைல வச்சா செக்யூரிட்டில நிறுத்திடுவாங்க.

பிளக் மட்டும் மாறும். நம்ம மூணு பின் பிளக் இங்க சுவத்துல நுழையாது. ஏர்போர்ட்ல விக்கிற விலை குறைஞ்ச டிராவல் அடாப்டர் பலதுல எர்த் கனெக்‌ஷனே கிடையாது, அது போன் சார்ஜருக்குத்தான் லாயக்கு. 750 வாட் மிக்ஸிக்கு எர்த் இருக்கற அடாப்டரா பார்த்து வாங்குங்க.

இப்ப எதைக் கொண்டு வரக்கூடாதுன்னு. இதைக் கவனமா படிங்க:

நெய், பனீர், பால்கோவா, எந்தப் பால் பொருளும் ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து பயணிங்க கொண்டு வரக்கூடாது, இறைச்சியும் அதே மாதிரிதான். அம்மா ஆசையா உருக்கிக் குடுத்த நெய்யா இருந்தாலும் கஸ்டம்ஸ்ல பிடிச்சா எடுத்துக்குவாங்க. அங்கயே விட்டுட்டு வாங்க, இங்க நல்ல வெண்ணெய் கிடைக்கும், வாங்கி உருக்கிக்கலாம்.

பச்சைக் கறிவேப்பிலை, தாவர நலச் சான்றிதழ் இல்லாம வரக்கூடாது. 2019 டிசம்பர்ல இருந்து இந்த விதி இருக்கு. தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, துரியன், பேரீச்சை இந்த அஞ்சுக்கு மட்டும்தான் விலக்கு.

கசகசா ரொம்ப ஆபத்து. குருமாவுக்குன்னு ஒரு பாக்கெட் போட்டுடுவாங்க வீட்ல. ஜெர்மனில அது தப்பே இல்ல, பேக்கரில ரொட்டி மேலயே தூவி விக்கிறாங்க. ஆனா துபாய், அபுதாபி, தோஹா வழியா வர்றவங்களுக்கு அந்த நாடுகள்ல அது தடை செஞ்ச பொருள், டிரான்சிட்லதானே போறோம்னு நினைக்காதீங்க. ஒரு ஸ்பூன் கூட வேண்டாம், இங்க சூப்பர் மார்க்கெட்லயே வாங்கிக்கலாம்.

முழுக் கொப்பரையும் வேண்டாம், எண்ணெய்ப் பசை இருக்கறதால தீப்பிடிக்கும்னு விமானத்துல ஏத்த விடமாட்டாங்க.

புதுச் சாமானா நிறைய கொண்டு வந்தா விமானப் பயணிக்கு 430 யூரோ மதிப்பு வரைக்கும்தான் வரி கிடையாது. மிக்ஸி புதுசுன்னா பில்லை கையோட வச்சுக்கங்க. பின்னாடி வீட்ல இருந்து பார்சல் அனுப்பச் சொன்னா அந்தக் கணக்கு வேற, தனிப்பட்ட பரிசுன்னு வர்றது 45 யூரோ வரைக்கும்தான் வரி இல்லாம வரும், அதுக்கு மேல போனா சுங்க ஆபீஸ்ல இருந்து லெட்டர் வரும், பில்லை எடுத்துக்கிட்டு நீங்கதான் போகணும். பார்சல்லயும் பால் பொருள் கூடாது. கஸ்டம்ஸ் படிவத்துல பொதுவா ‘உணவு’ன்னு மட்டும் எழுதாம, என்னென்ன, எவ்வளவு எடை, என்ன மதிப்புன்னு தனித்தனியா எழுதச் சொல்லுங்க, பாதித் தாமதம் அதுலயே குறைஞ்சிடும்.

2. வாடகைப் பத்திரமும் இன்சூரன்ஸும்

வடைக்கும் வாடகைப் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். நிறைய இருக்கு. வாடகை ஒப்பந்தத்தோட ஹவுஸ்ஓர்ட்னுங்னு ஒரு தாள் தருவாங்க, வீட்டு விதிமுறை. அதுல அமைதி நேரம், சமையல், காத்தோட்டம் பத்தி எழுதியிருக்கும். பெரும்பாலும் ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் சத்தம் கூடாது, ஞாயித்துக்கிழமையும் விடுமுறை நாளும் முழு நாளும் அமைதி. நம்ம மிக்ஸி சத்தம் உங்களுக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை காலைல 7 மணிக்கு உளுந்து அரைச்சா கீழ் வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவாங்க, அவங்க மேல தப்பே இல்ல. அதனால அரைக்கற வேலையைச் சனிக்கிழமை சாயங்காலமே முடிச்சிடுங்க.

அடுத்தது ஹாஃப்ட்ஃப்லிஷ்ட், அதாவது நம்மளால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ். தனி ஆளுக்கு வருஷத்துக்கு சுமார் 40ல இருந்து 70 யூரோக்குள்ள முடியும். எடுக்கும்போது ஒண்ணே ஒண்ணு கேளுங்க: வாடகை வீட்ல இருக்கற கண்ணாடி அடுப்புல விரிசல் விட்டா இது தருமா? பல பாலிசில கண்ணாடியும் மின் சாதனமும் விலக்குல போட்டிருப்பாங்க. இரும்புச் சட்டியை அந்தக் கண்ணாடி மேல தொப்புன்னு வச்சு விரிசல் விட்டு, வீடு காலி பண்ணும்போது டெபாசிட்ல பிடிச்ச கதை எனக்குத் தெரிஞ்ச வட்டத்துலயே உண்டு.

ஸ்டூடண்ட் ஹாஸ்டல்ல இருக்கவங்க, புகை அலாரம் நேரா ஃபயர் சர்வீஸுக்கு இணைஞ்சிருக்கான்னு ஹவுஸ்மைஸ்டர்கிட்ட, அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கறவர்கிட்ட கேட்டுக்கங்க. இணைஞ்சிருந்தா அலாரம் அடிச்ச உடனே வண்டி வந்துடும், செலவு உங்க தலைல விழ வாய்ப்பு இருக்கு.

3. அடுப்பும் சட்டியும்

முதல்ல அடுப்பு எந்த வகைன்னு பாருங்க. கறுப்புக் கண்ணாடி எல்லாம் ஒண்ணு கிடையாது. ஆன் பண்ணா உள்ள சிவப்பா எரியறது தெரிஞ்சா சாதா செரான் அடுப்பு, அதாவது கண்ணாடிக்கு அடில கம்பி சூடாகற வகை. தெரியலன்னா இண்டக்‌ஷன். இண்டக்‌ஷனா இருந்தா சட்டி அடில காந்தம் ஒட்டணும், ஊர்ல இருந்து கொண்டு வந்த அலுமினியச் சட்டி அதுல சூடே ஆகாது. எந்த வகையா இருந்தாலும் உருண்டை அடி வாணலி வேலைக்கு ஆகாது, நடுவுல ஒரு புள்ளிதான் கண்ணாடியைத் தொடும், எண்ணெய் காய அரை மணி நேரம் ஆகும்.

16 சென்டிமீட்டர் அகலத்துல, தட்டை அடியோட, கொஞ்சம் உயரமான எவர்சில்வர் பாத்திரம் ஒண்ணு மூடியோட வாங்கிக்கங்க. அதுல அரை லிட்டர் எண்ணெய் ஊத்தினா ரெண்டரை சென்டிமீட்டர் ஆழம் வரும், மூணு வடை தாராளமா மிதக்கும். அகலமான கடாயை எடுத்தா ஒன்றரை லிட்டர் எண்ணெய் குடிக்கும், அவ்வளவும் பின்னாடி என்ன செய்யறதுன்னு தெரியாம நிப்பீங்க. மூடி எதுக்குன்னா, எண்ணெய் தீப்பிடிச்சா மூடிதான் காப்பாத்தும். அடுப்பை அணைச்சுட்டு மூடிடணும். தண்ணி ஒரு சொட்டு கூட ஊத்தக்கூடாது, எரியற சட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடவும் கூடாது. அடங்கலன்னா வெளிய வந்து 112க்குக் கூப்பிடுங்க.

கூடவே எண்ணெய்ல முக்கி வெப்பம் பார்க்கற ஒரு சமையல் தெர்மாமீட்டர், 10, 15 யூரோல கிடைக்கும். ஊர்ல கேஸ் அடுப்புத் தீயைப் பார்த்தே கணக்கு போட்டவங்களுக்கு இது தேவையான்னு தோணும், ஆனா இந்த அடுப்புல தீயே கண்ணுக்குத் தெரியாது. செரான் சூடாகவும் நேரம் எடுக்கும், குறைச்சாலும் உடனே ஆறாது, நீங்க அடுப்புத் திருகை 5க்குக் குறைச்சு வச்ச பிறகும் பழைய சூடுல எண்ணெய் ஏறிக்கிட்டே இருக்கும். வடை வெளிய கறுத்து உள்ள மாவா இருக்கறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

4. சனிக்கிழமைக்குள்ள கடை முடிச்சிடணும்

ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. இதை முதல் சில வாரம் மனசு ஏத்துக்காது, ஆனா உண்மை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடியிருக்கும், ரயில் நிலையத்துல சில கடை மட்டும் இருக்கும், அங்க உளுந்து கிடைக்காது.

உளுந்துக்கு ஈழத்தமிழர் கடைதான் முதல்ல போக வேண்டிய இடம். ஓரளவு பெரிய ஊர்கள்ல ஒண்ணாவது இருக்கும், வெளிப் பலகைல ஆசியன் ஷாப்னு போட்டிருக்கும், உள்ள போனா தமிழ்தான். “அண்ணா, முழு உழுந்து வெள்ளை இருக்கோ?”ன்னு கேளுங்க, எடுத்துத் தருவாங்க. தோல் நீக்கின முழு உளுந்துதான் வேணும், பாக்கெட்ல உரித் கோட்டான்னு போட்டிருக்கும். உடைச்ச உளுந்துல மாவு அவ்வளவு காணாது. பாக்கெட் தேதியைப் பாருங்க, பழைய உளுந்துன்னா எவ்வளவு அரைச்சாலும் பொங்காது. கறிவேப்பிலையும் அங்கயே வாங்கிக் கழுவி, துடைச்சு, டப்பால போட்டு ஃப்ரீசர்ல வச்சா மாசக்கணக்குல வரும். துருவின தேங்காய் ஃப்ரோஸன் பாக்கெட்டா எடுங்க, சூப்பர் மார்க்கெட்ல விக்கிற முழுத் தேங்காய் பாதி நேரம் உள்ள கெட்டுப்போயிருக்கும். சனிக்கிழமைகள்ல சில கடைல சுடச்சுட வடை போடுவாங்க, வாய்ப்பு கிடைச்சா அவங்க கடலை வடையை விட்டுடாதீங்க. ஹாம் ஊர்ல காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழா நடக்கும்போது போனீங்கன்னா ஒரு நாள் பூரா ஜெர்மனில இருக்கோம்கறதே மறந்துடும்.

உருளைக்கிழங்கு விஷயத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. இங்க கிழங்கை மூணு வகையா பிரிச்சு விக்கிறாங்க. பச்சை நிறப் பட்டை போட்டது வேகவச்சாலும் கெட்டியா நிக்கும், சாலட்டுக்கு. சிவப்பு நடுத்தரம். நீலம் மாவு மாதிரி குழையும், பாக்கெட்ல மேலிக்-கோஹெண்ட்னு இருக்கும், பூரிக் கிழங்குக்கு இதுதான். பச்சையை வாங்கிட்டு ஒரு மணி நேரம் வேகவச்சும் மசிக்க முடியாம அல்லாடாதீங்க.

பூரி மாவுக்கு இந்தியன் கடை ஆட்டா நல்லது. கிடைக்காத ஊர்னா 1050 நம்பர் கோதுமை மாவையும் 550 நம்பரையும் பாதிப் பாதி கலந்துக்கங்க. நம்பர் கூடக்கூட தவிடு கூட, 405ங்கறது நம்ம மைதா மாதிரி. ஃபோல்கோர்ன்னு போட்ட முழுக் கோதுமை மாவு ஆரோக்கியம்தான், ஆனா பூரி உப்பாது.

எண்ணெய்க்கு சூரியகாந்தி எண்ணெய் போதும். ஆலிவ் எண்ணெய்ல வடை சுடாதீங்க, வாசனை ஒத்துவராது.

5. ஊற வைக்கிறது, அரைக்கிறது

ஒரு டம்ளர் உளுந்து, சுமார் 200 கிராம், நாலு பேருக்கு வரும். ஒரு மணியில இருந்து ஒன்றரை மணி நேரம் ஊறினா போதும். ராத்திரி பூரா ஊறப் போட்டா வடை எண்ணெயைக் குடிக்கும். குழாய்த் தண்ணி பனி மாதிரி இருக்கற மாசத்துல வெதுவெதுப்பான தண்ணில ஊற வைங்க.

தண்ணியைச் சுத்தமா வடிச்சுட்டு, ரெண்டு பங்கா பிரிச்சு அரைங்க. நிறுத்தி நிறுத்தி ஓட்டணும், நடுவுல கரண்டியால வழிச்சு விடணும், ஐஸ் தண்ணியை ஸ்பூன் ஸ்பூனா தெளிக்கணும். மொத்தத்துக்கு நாலஞ்சு ஸ்பூனுக்கு மேல போகக்கூடாது. மிக்ஸி அடி சூடானா ரெண்டு நிமிஷம் விடுங்க, மாவு சூடானா வடை கல்லாகும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. மாவைப் பெரிய கிண்ணத்துல போட்டு கையாலயே ஒரே பக்கமா அஞ்சு நிமிஷம் அடிங்க. முதல்ல பிசுபிசுன்னு கனமா இருக்கும், போகப்போக விரல் இடுக்குல லேசாகும், நிறமே கொஞ்சம் வெளுக்கும். ஒரு துளியைத் தண்ணில போடுங்க, மிதந்தா முடிஞ்சுது, முங்கினா இன்னும் அடிங்க. உப்பு இப்பப் போடாதீங்க, ராத்திரிக்குள்ள தண்ணி விட்டுக்கும். மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க.

6. காலைல சுடுறது

எட்டரைக்கு மாவை வெளிய எடுத்து வைங்க, ஜில்லுன்னு இருக்கற மாவைப் போட்டா எண்ணெய் சூடு இறங்கிடும். ஒன்பது மணிக்கு உப்பு, மிளகு, பொடியா நறுக்கின இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் பிடிச்சா வெங்காயம், எல்லாம் போட்டு இன்னொரு தடவை அடிங்க. தளர்ந்து போயிருந்தா ஒரு ஸ்பூன் அரிசி மாவு.

அதுக்கு முன்னாடி ஜன்னலை முழுசா திறங்க, வெளிய மைனஸ்ல இருந்தாலும் பரவாயில்ல. வராந்தா பக்கக் கதவைத் திறக்கவே திறக்காதீங்க, புகை பொது வழிக்குப் போனா அங்க இருக்கற அலாரம் அடிக்கும். வீட்டுக்குள்ள தூங்கற அறைலயும் நடைபாதைலயும் அலாரம் கட்டாயம், அதை மூடி வைக்கிறதோ பேட்டரி கழட்டுறதோ தப்பு, அது மட்டும் வேண்டாம். ஒரே ரூம் வீடுன்னா சமையல் மூலைக்கும் அலாரத்துக்கும் நாலு அடிதான் இருக்கும், அங்க ஒரே வழி எண்ணெய் புகையாம பார்த்துக்கறதுதான். அடுப்பு மேல இருக்கற சிம்னியை நம்பாதீங்க, வாடகை வீடு பலதுல அது காத்தை வடிகட்டி திரும்ப ரூமுக்குள்ளயே விடுற வகை. ஜாக்கெட், கோட் எல்லாத்தையும் அலமாரிக்குள்ள போட்டுப் பூட்டிடுங்க, திங்கக்கிழமை ஆபீஸ்ல வடை வாசனையோட உக்காரவேண்டாம்.

எண்ணெய் 170, 175 டிகிரி வந்ததும் ஆரம்பிங்க. கைல தண்ணி தொட்டுத் தட்டிப் போடுறது பழகினவங்களுக்குச் சரி. பழகாதவங்க கேக் சுட அவன்ல விரிக்கற பேக்கிங் பேப்பரைச் சின்னச் சதுரமா வெட்டி, லேசா ஈரம் பண்ணி, அதுமேல மாவு வச்சு கட்டை விரலால ஓட்டை போட்டு அப்படியே எண்ணெய்க்குள்ள சரிச்சு விடுங்க, கைல இருந்து தண்ணி சொட்டி எண்ணெய் தெறிக்காது. ஒரு தடவைக்கு மூணுக்கு மேல வேண்டாம். போட்ட உடனே சலசலன்னு நுரை வரும், ஓரம் பொன்னிறமானதும் திருப்புங்க. அந்தச் சலசலப்பு அடங்கி, குமிழி ஒண்ணு ரெண்டா குறையும் பாருங்க, அதுதான் உள்ள வெந்த அடையாளம். எடுத்து டிஷ்யூ பேப்பர்ல போடாதீங்க, அடிப் பக்கம் வேர்த்து நமத்துடும், கம்பி வலைத் தட்டுல வைங்க.

7. பூரிக் கிழங்கு

ரெண்டு கப் மாவு, ஒரு ஸ்பூன் ரவை, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். தண்ணி கம்மியா விட்டு சப்பாத்தி மாவை விட கெட்டியா பிசைங்க, பத்து நிமிஷம் போதும், ரொம்ப நேரம் வச்சா எண்ணெய் குடிக்கும். மாவு தூவித் தேய்க்காதீங்க, அந்த மாவுதான் எண்ணெய்ல கருகிப் புகை கிளப்புது, ரெண்டு சொட்டு எண்ணெய் தொட்டுத் தேய்ங்க. சட்டி அகலத்துக்குத் தக்கபடி சின்னச் சின்ன பூரியா. எண்ணெய் 185, 190 இருக்கணும். போட்டதும் மேல வந்த உடனே கரண்டியால மெதுவா ஒரு அழுத்து, உப்பிடும்.

கிழங்கு உங்க வீட்டு முறைப்படி பண்ணிக்கங்க, கடைசில ரெண்டு ஸ்பூன் கடலை மாவைக் கரைச்சு விட்டா ஹோட்டல் பதம் வரும். வடையும் பூரியும் ஒரே நாள்ல வேணும்னா வடையை முதல்ல போடுங்க, அதுக்குக் குறைஞ்ச சூடு, அப்புறம் ஏத்திக்கலாம்.

8. செலவு

ஆரம்பச் செலவு பாத்திரம், தெர்மாமீட்டர், அடாப்டர் எல்லாம் சேர்த்து 40, 50 யூரோல முடியும். அப்புறம் உளுந்து கிலோ 3ல இருந்து 5 யூரோ, எண்ணெய் லிட்டர் 2 யூரோ பக்கம், கிழங்கும் தேங்காயும் சேர்த்து இன்னொரு 4, 5 யூரோ. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் பார்த்தா நாலு பேர் வயிறு நிறைய சாப்பிட தலைக்கு ரெண்டு யூரோக்கு மேல ஆகாது, ஹோட்டல்ல ரெண்டு வடை ஒரு பிளேட் வாங்கற காசுல மொத்த வீடும் சாப்பிடலாம்.

9. மிச்ச எண்ணெயும் மிச்ச வடையும்

எண்ணெயை சிங்க்லயோ டாய்லெட்லயோ ஊத்தாதீங்க. குழாய்க்குள்ள படிஞ்சு அடைக்கும், பிளம்பர் ஞாயித்துக்கிழமை வந்தார்னா அந்த ஒரு பில்லுல ஒரு வருஷத்து உளுந்து வாங்கிடலாம். நல்லா ஆறவிட்டு வடிகட்டி, காலி பாட்டில்ல ஊத்தி வைங்க, ஒரு தடவை திரும்பப் பயன்படுத்தலாம், கறுத்தாலோ பிசுபிசுப்பு வந்தாலோ வேண்டாம். தூக்கிப் போடும்போது பாட்டிலை இறுக்க மூடி ரெஸ்ட்முல், அதாவது பொதுக் குப்பைத் தொட்டில போடுங்க. சில ஊர்ல எண்ணெய் சேகரிக்கத் தனி இடம் வச்சிருக்காங்க, நகராட்சி குப்பை அட்டவணைல பார்த்துக்கங்க.

மாவு மிஞ்சினா வச்சிருக்காதீங்க. எல்லாத்தையும் வெளிர் நிறம் வர்ற வரைக்கும் முக்கால் பதமா சுட்டு, ஆறவிட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஃப்ரீசர்ல வச்சிடுங்க. அடுத்த வாரம் அதை உருக விடாம அப்படியே எண்ணெய்ல போட்டா புதுசு மாதிரி மொறுமொறுன்னு வரும். முழுசா வெந்த வடை மிஞ்சினா அதை மறுபடி சூடு பண்ணாம, கொதிக்கற சாம்பார்ல போட்டு அடுப்பை அணைச்சு அரை மணி நேரம் மூடி வைங்க, சாயங்காலத்துக்கு ஆச்சு.